ஜைத்தூன் துறைமுகத்துத் தெய்வங்கள்

சீன தேசத்துக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளே கேட்கிறார்கள்: சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்பது ஒன்று, அங்கே சாமி கும்பிடுகிறார்களா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அரை நாழிகையில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ஆம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். 140 கோடி ஜனங்கள் வாழும் அந்த ராஜ்யத்தைக் கடவுள் இல்லை என்னும் சித்தாந்தம் கொண்ட ஒரு கட்சி ஆள்கிறது. அந்த ஆட்சியே பௌத்தம், தாவோ மதம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டண்டு கிறிஸ்தவம் என்று ஐந்து மதங்களுக்கு அங்கீகாரம் அளித்து அவற்றைத் தன் மேற்பார்வையிலும் வைத்திருக்கிறது. ஆனால், வீட்டில் மூதாதையர் பெயர் எழுதிய பலகைக்குத் தூபம் காட்டிவிட்டு, பிள்ளைப்பேறு வேண்டிக் குவான்யின் தேவியிடமும், கடற்பயணம் சுகமாக முடிய மாட்சு அன்னையிடமும், வியாபாரம் செழிக்கக் குவான் யூ என்னும் வீரத் தெய்வத்திடமும் போய் நிற்கிற சாதாரண மனிதர் ஒருவரை நிறுத்தி, 'ஐயா, தாங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவர்?' என்று கேட்டால், 'எனக்கு மதம் ஒன்றும் கிடையாது' என்று அவர் தயக்கமின்றிச் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். மதம் என்றால் எங்கேயோ பெயரைப் பதிந்துகொள்ளும் காரியம் என்பது அவர் எண்ணம். கும்பிடுவது அவருக்கு வேறு காரியம்.

இந்த முரண்பாடு எனக்கு ஒருவாறு விளங்கியது, சுவான்சௌ என்னும் பழைய துறைமுக நகரத்தின் தெருக்களில் நடந்தபோதுதான். சீனத்தின் தென்கிழக்குக் கரையில், தைவான் தீவுக்கு எதிர்முகமாக, ஃபூஜியான் மாகாணத்தில் இருக்கிறது அந்த ஊர். ஒரு காலத்தில் அதைச் சுற்றிக் கல்யாணமுருங்கை மரங்களை வரிசை வரிசையாக நட்டிருந்தார்களாம். அந்த மரத்துக்குச் சீனர் வழங்கிய பெயரை ஒட்டி அரபியரும் பாரசீகரும் ஊரையே ஜைத்தூன் என்று அழைத்தார்கள். 1087-இல் சோங் அரசர்கள் அங்கே கடல் வாணிபத்துக்கென்று ஓர் அதிகாரியை நியமித்தது முதல், மங்கோலியரின் யுவான் ஆட்சி சரிந்தது வரையில், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக் காலம், கிழக்குச் சமுத்திரத்தில் அதற்கு நிகரான துறை அரிது. மார்க்கோ போலோ 1292-இல் தாயகம் திரும்பக் கப்பல் ஏறியது அங்கிருந்துதான். அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் இந்தத் துறைக்கு நூறு வருகின்றன என்று அவர் கணக்குச் சொன்னார். வெனிஸ் வியாபாரியின் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும், எஞ்சுவது நம்மை மலைக்க வைக்கப் போதுமானது. 2021-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு உள்நாட்டு யாத்திரிகர் கூட்டம் பெருகிவிட்டது. தலையைச் சுற்றி வட்டமாகப் பூச்சூடிப் படம் எடுத்துக்கொள்ளும் இளம் பெண்கள் தெருவெங்கும் நிற்கிறார்கள். அருகிலுள்ள சுன்பூ என்னும் மீனவர் குப்பத்துப் பெண்கள் நெடுங்காலமாகச் சூடிவரும் முறை அது.

சியாமென் நகரிலிருந்து அதிவேக ரயிலில் புறப்பட்டால், உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. எனக்குத் துணையாக வந்தவள், தொல்பொருள் படிக்கும் ஒரு மாணவி. அந்த ஊர்ப் பெண். சீன வழக்கப்படி என்னை 'ஆசிரியரே' என்று அழைத்தாளே தவிர, பாடம் கேட்டுக்கொண்டதெல்லாம் நான்தான்.

மேற்குத் தெருவில் இருக்கிறது கையுவான் ஆலயம். 686-ஆம் ஆண்டில், தாங் வம்சத்தார் காலத்தில், ஏற்பட்ட பௌத்த ஆலயம் அது. ஹுவாங் என்னும் குடிப்பெயர் கொண்ட தனவந்தர் ஒருவருடைய முசுக்கட்டைத் தோட்டம் இருந்த இடம்; கோயிலுக்கு நிலம் கேட்டு வந்த துறவியிடம், 'என் முசுக்கட்டை மரத்தில் தாமரை பூக்கட்டும், தருகிறேன்' என்று அவர் தட்டிக்கழிக்கப் பார்க்க, சில நாளில் மரமெல்லாம் வெண்தாமரையாகப் பூத்துவிட்டது என்று ஸ்தல புராணம். மரம் இன்னும் இருக்கிறது. முதுமையால் பிளந்து, கல் முட்டுக்களின் மேல் கைகளை ஊன்றிக்கொண்டு, தளிர் விட்டபடி நிற்கிறது. ஆலயத்தின் இருபுறமும் எழும்பும் எண்கோணக் கற்கோபுரங்கள் இரண்டும் 13-ஆம் நூற்றாண்டில் கட்டி முடிந்தவை; மரக் கட்டிட வேலையின் நுணுக்கங்களையெல்லாம் கருங்கல்லில் செதுக்கி அடுக்கியவை; 1604-இல் நேர்ந்த பெரும் பூகம்பத்திலும் விழாதவை. மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில், கையில் வாளேந்திய குரங்கு முக வீரன் ஒருவனின் சிற்பத்தை அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துக் காட்டினாள். பாரத தேசத்துக்கு வந்து, காஞ்சிபுரம் வரையில் யாத்திரை செய்து, சாஸ்திர ஏடுகளைச் சுமந்து சென்ற யுவான் சுவாங் என்னும் பிக்ஷுவுக்குக் குரங்கு ஒன்று துணை போனதாகச் சீனத்தில் வழங்கும் கதையைச் சேர்ந்தவன் அவன். அந்தக் கதை பெரிய நாவலாக உருவெடுத்ததற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக முந்தியது இந்தச் சிற்பம். நம் அனுமன்தான் அங்கே போய் அப்படி ஆனான் என்போரும் உண்டு, அல்ல என்று மறுப்போரும் உண்டு. பண்டிதர்களின் வழக்கு அது. நான் சாட்சி சொல்லப் போவதில்லை.

ஆனால், பெரிய புத்தர் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறத் தாழ்வாரத்துக்குப் போனால், வழக்குக்கே இடமில்லாத சாட்சியம் இரண்டு தூண்களாக நிற்கிறது. பசுமை கலந்த கருங்கல்லில், பதினாறு பட்டைகளாகச் செதுக்கப்பட்டவை. நடுவே வட்டங்களும் பட்டைகளுமாகப் பிரித்து அவற்றுக்குள் உருவங்களை அமைத்திருக்கிறார்கள். முதலில் கண்ணுக்குப் படுகிறவர் நரசிம்மர்: இரணியனை மடிமேல் கிடத்திக்கொண்டிருக்கிறார். வட்டத்தைத் தொடர்ந்து தூணைச் சுற்றி வந்தால், இரட்டை மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். அப்பால், கரையேற வழியின்றி நிற்கும் கோபியரும், அவர்களுடைய சேலைகளோடு மரத்தின் மேல் அவனும். இன்னொரு வட்டத்தில் கட்டிப்புரளும் மல்லர்கள். நம் ஊர்க் கோயில் மண்டபத்துத் தூண்களில் பார்த்துப் பழகிய அதே அமைப்பு. ஆனால், கிட்டப் போய் உற்றுப் பார்க்கும்போது, நம் ஊரில் இல்லாத சிலவும் புலனாகின்றன: பட்டு நாடா கட்டிய பந்தை உருட்டி விளையாடும் சீனத்துச் சிங்கங்கள் அடுத்த வட்டத்திலேயே இருக்கின்றன, கண்ணனின் கன்னம் கொஞ்சம் உப்பி, கண்கள் சற்றே ஒடுங்கி, அந்தக் கரைப் பிள்ளையின் ஜாடை வந்திருக்கிறது. சொல்லிக் கொடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர், உளி பிடித்தவர் ஃபூஜியான் கல்தச்சர் என்று ஊகிப்பதில் தவறில்லை. முன்பக்க மேடையின் அடித்தளத்தைச் சுற்றிலும், மனித முகமும் சிங்க உடலுமான உருவங்கள் செதுக்கிய பலகைகள் 70-க்கும் மேலாகப் பதிந்திருக்கின்றன. தூண்களைப் போல அவையும் இந்த ஊரில் முன்பு இருந்த ஓர் இந்துக் கோயிலிலிருந்து வந்தவையே. அக்கோயில் இடிந்து கிடந்தபின், மிங் அரசர் காலத்தில் புத்தர் மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள், காரைக்குடிப் பக்கத்தில் பழைய வீட்டுத் தூண்களை வாங்கிப் புதுவீட்டில் நிறுத்துவது போல, நல்ல கல் வீணாவானேன் என்று எடுத்துவந்து நிறுத்திவிட்டார்கள். நரசிம்மருக்கு முன்னால் நின்று ஒரு கிழவி பத்தி காட்டிக்கொண்டிருந்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆலயத்துக்குள் இருக்கிறபடியால் காட்டினாள்.

அந்த இடிந்த கோயில் எது, யார் எழுப்பியது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை தருகிற கல் ஒன்று 1956-இல் இதே நகரில் கிடைத்தது. இப்போது சியாமென் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் காட்சிசாலையில் இருக்கிறது. மேலே தமிழ் எழுத்து, அடியில் ஒரு வரி சீன எழுத்து. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், தவச்சக்கரவர்த்திகள் என்னும் சம்பந்தப் பெருமாள், செகசை கானுடைய பர்மான்படி, அக்கானின் திருமேனி நலத்துக்காகத் திருக்கதலீசுவரமுடைய நாயனாரை எழுந்தருளப் பண்ணினார் என்பது அந்தச் சாசனம் தரும் செய்தி. செகசை கான் என்பது மங்கோலியச் சக்கரவர்த்தி குப்ளாய் கானுக்கு வழங்கிய செச்சென் கான் என்னும் விருதே என்று ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர். புல்வெளியில் குதிரை மேய்த்த குலத்தில் உதித்து, திபெத்தியப் பௌத்தரைக் குருவாகக் கொண்ட ஒரு சக்கரவர்த்தியின் உடல்நலத்துக்காக, பாரசீகச் சொல்லால் குறிக்கப்பட்ட ஓர் ஆணையின்படி, சீனத் துறைமுகம் ஒன்றில், தமிழ் நாட்டுச் சைவர் ஒருவர் சிவபிரானைப் பிரதிஷ்டை செய்த அந்த விசித்திரத்தை நினைத்தால், சமயப்பொறை என்று இந்நாளில் நாம் மேடைகளில் பேசுவது எவ்வளவு மெலிந்த சரக்கு என்று தோன்றுகிறது.

அதை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடவும் வேண்டாம். பின்னணியில் இருந்தது வர்த்தகம். சோழ மன்னர்களின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்தன. முதலாவது, ராஜராஜன் காலத்தில் புறப்பட்டது. சோழர் ஓய்ந்து பாண்டியர் தலையெடுத்த பிறகும் தொடர்பு அறவில்லை. குப்ளாய் தன் தூதராகிய யாங் திங்பியை 1279 முதல் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துக் கொல்லத்துக்கும் மாபாருக்கும் அனுப்பினான். மாபார் என்று அரபியர் சொன்னது பாண்டிய நாட்டுக் கரையை. சாசனம் பிறந்தது அந்த ஆண்டுகளில்தான். வியாபாரிகள் வந்து தங்கினால் சுங்கம் பெருகும். சுவாமி இருந்தால் வியாபாரிகள் தங்குவார்கள். இந்தக் கணக்கு இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது. கையுவான் ஆலயத்தின் பின்புறத்துக் கட்டிடத்தில், 1974-இல் ஹௌசூ துறையின் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த மரக்கலம் ஒன்றைக் கிடத்தியிருக்கிறார்கள். அடிப்பாகம் மட்டுமே எஞ்சியிருக்கிறது, அதுவே 24 மீட்டர் நீளம்; உள்ளே 13 அறைகள், ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை காப்பாற்றும்படி தடுத்தவை. அதில் கிடைத்தவை நறுமணக் கட்டைகள், மிளகு, சோழி, ஆமை ஓடு. கோயில்களில் எரிந்த தூபம் எந்த வழியாக வந்தது என்பதைக் காண அந்த அறைகளை எட்டிப் பார்த்தால் போதும்.

இவ்வளவு கற்களும் நமக்குக் கிடைத்ததற்குக் காரணமானவர் பெரிய அதிகாரியோ வேதாந்தியோ அல்லர். வூ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர், தாவர விலங்கு நூல் கற்பித்தவர். நகரத்தின் பழைய மதிலை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இடித்தபோது, அதனுள்ளிருந்து சிலுவை பொறித்த கற்களும், அரபு எழுத்துக் கற்களும், சிவலிங்கம் செதுக்கிய கற்களும் வந்துகொண்டேயிருந்தன. கல் உடைப்பவர்களும் வீடு கட்டுகிறவர்களும் அள்ளிக்கொண்டு போக, இவர் தம் சம்பளத்தைக் கொடுத்து அவற்றை வாங்கி வீட்டு முற்றத்தில் சேர்த்தார். பின்னால் சேர்த்ததையெல்லாம் அரசாங்கத்துக்கே அளித்துவிட்டு, 1957-இல் சுவான்சௌவின் சமயக் கற்சிற்பங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் பெயரைச் சொல்லி அஞ்சலி செய்யாமல் யாரும் அந்த ஊரின் கற்களைப் பற்றி எழுதக் கூடாது.

கடல் வாணிபக் காட்சிசாலையில் அவை இப்போது வரிசையாக நிற்கின்றன. லிங்கத்தின்மேல் மலரைத் துதிக்கையால் சாத்தும் யானையைக் கண்டதும் திருவானைக்கா நினைவு வராத தமிழர் இருக்க முடியாது. பக்கத்திலேயே, லிங்கத்தின்மேல் பால் சொரியும் பசு. அடுத்த கூடத்தில் கிறிஸ்தவர்களின் கல்லறைக் கற்கள். தாமரைப் பூவின் மேல் சிலுவை நிற்கிறது. இருபுறமும் பறந்துவரும் தேவதூதர்கள் பௌத்தச் சித்திரங்களின் கந்தர்வர்களைப் போலவே ஆடை அலைய மிதக்கிறார்கள், இறக்கை மட்டும் கூடுதல். 1313-ஆம் ஆண்டுக் கல் ஒன்று, சீன எழுத்திலும், சிரியாக் லிபியில் எழுதிய துருக்கிய மொழியிலும், மார் சாலமோன் என்னும் மேற்றிராணியாரின் நினைவாக நட்டது. அவர் அதிகாரத்தின் கீழ் நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களோடு, பாரசீகத்தில் தோன்றிய மானி மதத்தாரும் இருந்தார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. அரசாங்கத்துக்குப் புரியாத இரண்டு மதங்களை ஒரே அதிகாரியின் கீழ்ப் போட்டுவிடுவது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான் போலும்.

ரோமிலிருந்து வந்த கத்தோலிக்கருக்கும் இந்தத் துறையில் மேற்றிராசனம் இருந்தது. சீனத்தின் முதல் கத்தோலிக்கப் பேராயரான மோந்தெகோர்வினோ யோவான், 1290-களின் தொடக்கத்தில் சீனம் நோக்கிப் போகும் வழியில், மயிலாப்பூரில் தோமையாரின் ஆலயத்தருகே பதின்மூன்று மாதங்கள் தங்கியவர். ஜைத்தூனின் மேற்றிராணியாராக இருந்த பெரூஜியாவின் அந்திரேயா 1326-இல் ஊருக்கு எழுதிய கடிதம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 'இந்தப் பேரரசில் எல்லா ஜாதியாரும் தத்தம் மதப்படி வாழ விடப்படுகிறார்கள். எவரும் தம் மதத்திலேயே நற்கதி அடையலாம் என்பது இவர்களுடைய அபிப்பிராயம். அபிப்பிராயம் என்ன, பிழைபாடு என்றே சொல்லவேண்டும்' என்று அவர் அதில் வருந்துகிறார். அவருக்குப் படியளந்துகொண்டிருந்தது அதே பேரரசின் கஜானா! அந்தப் பிழைபாடு இல்லாமல் போயிருந்தால் அவருக்கு மானியம் ஏது?

தூமென் தெருவில் நடந்தால், கன்பூசியர் கோயிலும், குவான் யூவின் கோயிலும், மசூதியும் கூப்பிடு தூரத்துக்குள் வந்துவிடுகின்றன. சிங்ஜிங் மசூதி ஹிஜ்ரி 400-இல், அதாவது 1009-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது என்றும், 1310-ஐ ஒட்டி ஷீராஸ் நகரத்து வழிவந்த அகமது என்பவர் புதுப்பித்தார் என்றும் வாசலின் உட்புறத்து அரபுச் சாசனம் சொல்கிறது. பசுங்கல்லால் ஆன உயர்ந்த நுழைவாயிலும், குடைபோல் அடுக்கடுக்காக விரியும் அதன் வளைவுகளும் சீனக் கட்டிடக் கலைக்குச் சிறிதும் கட்டுப்படாதவை. தொழுகை மண்டபத்துக்குக் கூரை இல்லை. 1607-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் விழுந்தது, மறுபடி எழவில்லை. குர்ஆன் வாசகங்கள் பொறித்த சுவர்களுக்கு நடுவே புல் முளைத்திருக்கிறது. மக்கள் தொழுவது பக்கத்துப் புது மண்டபத்தில். இஸ்லாமியரை யாரும் துன்புறுத்தலாகாது என்று யுங்லோ சக்கரவர்த்தி 1407-இல் பிறப்பித்த ஆணையும் கல்லில் பொறித்து அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. ஆணை வேண்டியிருந்தது என்றால் துன்பமும் இருந்தது என்றுதானே பொருள்? நான் போன நாளில் குவான் யூ கோயிலில் பெருங்கூட்டம். கைகொள்ளாத பத்திக் கட்டுகளைக் கொளுத்தி அவர்கள் எழுப்பிய புகை, மதிலைத் தாண்டி மசூதியின் முற்றத்தில் மெல்லப் படர்ந்தது. வாசலில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த முதியவரிடம், இது தொந்தரவாயில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். காற்று திரும்பினால் அவர்களுக்கே போய்விடும் என்றார் அவர், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

கிழக்கே லிங்ஷான் குன்றில், நபிகள் நாயகத்தின் சீடர்கள் என்று பரம்பரையாகப் போற்றப்படும் இருவரின் சமாதிகள் உள்ளன. சீடர்கள்தாமா என்பது நிச்சயமில்லை. ஆனால் 1417-இல், தம் ஐந்தாம் கடற்பயணத்தின்போது, தளபதி செங் ஹே அங்கே வந்து தூபமிட்டு அருள் வேண்டினார் என்னும் கல்வெட்டு இருக்கிறது. இந்தச் செங் ஹேயை நமக்கும் தெரியும். 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டு இலங்கையின் காலித் துறைக்கு அவர் கொண்டுவந்த கல்லில், சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைகள் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. பிறப்பால் முஸ்லிமான அவர், கடலோடும்போது மாட்சு அன்னைக்கும் வழிபாடு செய்தவர். பத்தாம் நூற்றாண்டில் மெய்சோ தீவில் பிறந்த ஒரு மீனவப் பெண், இறந்தபின் கடலோடிகளைக் காக்கும் தெய்வமானாள். 1196-இல் சுவான்சௌவில் கோயில் கொண்டாள். படகோடு போனவர்கள் வழியே சிங்கப்பூர், மலாக்காவரை அவள் போயிருக்கிறாள்.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, ஆகா, என்ன ஒற்றுமை என்று வியந்தபடி ரயில் ஏறிவிடுகிற யாத்திரிகர்கள் பாதிக் கதையோடு போகிறார்கள். மதிலுக்குள்ளிருந்து கல்லறைக் கற்கள் வந்தன என்றேனே, அவை மதிலுக்குள் போனது எப்படி? 1276-ஐ ஒட்டி மங்கோலியர் தெற்கே வந்தபோது, இத்துறையின் வாணிப அதிகாரியாக இருந்த பூ ஷௌகெங் என்னும் முஸ்லிம் பெருவணிகர், சோங் அரச குடும்பத்தாருக்கு வாசலை அடைத்துவிட்டு, நகரிலிருந்த அவர்களுடைய இனத்தாரைக் கொன்று, வந்தவர் பக்கம் சேர்ந்தார். அதன் பலனாக அயலார் ஓங்கினார்கள்; உள்ளூரார் நெஞ்சில் வஞ்சம் ஊறியது. 1357-இல் பாரசீகப் படைப்பிரிவு கலகம் செய்து நகரைக் கைப்பற்றியது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள், அயலாருக்குள்ளேயே கட்சி பிரிந்து வெட்டிக்கொண்டார்கள். 1366-இல் அரசாங்கப் படை உள்ளே புகுந்தது. மூக்கு உயர்ந்திருந்த குற்றத்துக்காகவே தவறிக் கொல்லப்பட்டவர்கள் உண்டு என்று ஒரு குடும்பத்தின் வம்சாவளி ஏடு எழுதிவைத்திருக்கிறது. கேட்பாரற்றுப் போன கல்லறைகளும் கோயில்களும் பின்னர் மதில் வேலைக்குக் கல் தந்தன. மிங் ஆட்சியில் பூ குடும்பத்தார் பரீட்சை எழுதவும் உத்தியோகம் வகிக்கவும் தடை விதிக்கப்பட்டது. கடல் வாணிபம் சுருங்கியதும், ஆற்று முகத்தில் மணல் சேர்ந்ததும், மீதிக் கதையை முடித்தன. சுங்கம் இருந்த வரையில் சமரசமும் இருந்தது என்பதே என் எண்ணம். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் சம்மதிக்கவில்லை. கப்பல்கள் நின்று அறுநூறு வருஷமாகியும் தெய்வங்கள் போகவில்லையே என்றாள்.

அதைக் காட்டவே என்னைத் தெற்கே ஜின்ஜியாங் பக்கம் அழைத்துப் போனாள். வழியில் சென்தாய் என்னும் ஊர். பாதரட்சைத் தொழிற்சாலைகள் நிறைந்தது. அங்கே திங் என்னும் பெருங்குலத்தார், அயல்தேசத்து முஸ்லிம் வணிகர் ஒருவரின் சந்ததியார். பெரும்பாலோர் தொழுகையை மறந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன; ஆயினும் மூதாதையருக்குப் படைக்கும்போது மட்டும் பன்றி மாமிசம் சேர்ப்பதில்லை. பாட்டனார்களுக்கு அது பிடிக்காது என்று காரணம் சொல்கிறார்கள்.

ஹுவாபியாவ் குன்றின் சரிவில், மரங்களுக்கு நடுவே, சாவோ ஆன் என்ற சிறு கற்கோயில் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் மானி என்பவர் ஒரு மதம் கண்டார். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போரே உலகம் என்பது அவர் போதனை. சிறையில் மாண்டார். அவர் மதம் ரோமாபுரி முதல் மத்திய ஆசியா வரை பரவி, பல அரசுகளாலும் விரட்டப்பட்டது. சீனத்தில் 840-களில் தாங் சக்கரவர்த்தி வூசோங் அயல் மதங்களின் மேல் பாய்ந்து, 845-இல் பௌத்தத் துறவியர் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் காவியைக் களையச் செய்த கொந்தளிப்பில், மானியின் அடியார்கள் தென்கோடிக்கு ஒதுங்கினார்கள். உலகெங்கும் அழிந்துவிட்ட அம்மதத்தின் தெய்வ உருவம் இன்றும் பூஜை பெறுவது இந்தப் பக்கத்தில்தான். 1339-இல் பாறையில் செதுக்கிய புடைப்புச் சிற்பம். உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றே கூட. தூரத்தில் புத்தரென்றே தோன்றும். அருகே போனால், தோளில் வழியும் கூந்தலும், இரு பிரிவாக மார்பில் இறங்கும் தாடியும், இடுப்புக்கு மேல் முடிச்சிட்ட அங்கியும், முதுகுக்குப் பின்னால் அலையலையாக விரியும் கதிர்களும் தெரியும். கல்லின் இயற்கை நிறபேதத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான் சிற்பி: முகம் பச்சை சாய்ந்தது, கைகள் செம்மை படர்ந்தவை, அங்கி சாம்பல் வெண்மை. 1930-களில் ஹோங்யி என்னும் பேர்பெற்ற பௌத்தத் துறவி இங்கே தங்கி நோய் தீர்த்துக்கொண்டார். இது மானியே என்று நூலில் எழுதி உலகறியச் செய்தவர் மேலே சொன்ன பள்ளி ஆசிரியர்.

குன்றின் அடியிலுள்ள சூநெய் கிராமத்தின் காவல் தெய்வக் கோயிலில், சுவரில் எழுதிய தெய்வங்களின் நடுநாயகமாக இருப்பவரும் மானிதான். ஆரஞ்சுப் பழங்களும், சேமியாவும், ஒரு தட்டில் பிஸ்கோத்துப் பொட்டலங்களும் படைத்திருந்தார்கள். பெருக்கிக்கொண்டிருந்த அம்மையாரிடம், இந்தச் சுவாமி பாரசீகத்திலிருந்து வந்தவராமே என்று அந்தப் பெண் உள்ளூர் மொழியில் கேட்டாள். அம்மையார் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, யார் அப்படிச் சொன்னது என்று விசாரித்தார். பல்கலைக்கழகத்தில் சொல்கிறார்கள் என்றதும், அப்படியானால் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். பிறகு எங்களுக்குத் தேநீர் கொடுத்து, மறுநாள் வந்தால் கூத்துப் பார்க்கலாம், ஒரு தெய்வத்தின் பிறந்த நாளுக்காகக் குழுவை வரவழைத்திருக்கிறார்கள் என்றார். எந்தத் தெய்வம் என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துப் பார்த்தார், பெயர் நினைவுக்கு வரவில்லை. கூத்துச் செலவுக்காகத் தம் வீட்டுக்கு விதித்த வரி எவ்வளவு, பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் எவ்வளவு தரவேண்டும் என்பவற்றை மட்டும் யுவான் கணக்கில் பிசகாமல் சொன்னார்.